அடுப்பு வைத்தால் அது வேறு வீடு

1

கனடாவில் வீடு என்றால் என்ன என்று எழுதிவைத்திருக்கிறார்கள். மின்சார வேலைக்கான விதிப்புத்தகத்தில், விளக்கங்கள் என்ற பகுதியில் அது இருக்கிறது. என் வார்த்தையில் சொன்னால் இவ்வளவுதான்: ஒருவரோ பலரோ ஒரே குடித்தனமாக நடத்தும் அறை அல்லது அறைகள், அங்கே சமைக்க, சாப்பிட, புழங்க, படுக்க வசதி இருக்க வேண்டும். நான்கும் இருந்தால் வீடு. ஒன்று குறைந்தால் அது வீட்டின் ஒரு பகுதி. பாசம், பந்தம், வாசலில் கோலம் எதுவும் அதில் இல்லை. மின்சாரத்துக்கு அவை தேவைப்படுவதில்லை.

இந்த நான்கு வசதிகளை வைத்துக்கொண்டு போன குளிர்காலத்தில் என் வீடு இரண்டாகப் போக இருந்தது. ஊரில் இருப்பவர்கள் போனில் கேட்கும்போது "எல்லாரும் சௌக்கியம்" என்று முடித்துவிட்டேன். நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவன். ஒன்பதாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போயிற்று. தறியில் உட்கார வைத்தார்கள். காலைக் குழிக்குள் விட்டுக்கொண்டு ஒரே இடத்தில் உட்காருவது என் உடம்புக்குச் சரிப்படவில்லை. ஒரு ஒயர்மேனோடு சேர்ந்து ஊர் சுற்றக் கிளம்பினேன். பெங்களூர், பம்பாய், சவூதி, கத்தார். கத்தாரில் பழகிய ஒரு மேஸ்திரி மூலமாகக் கனடாவின் மேற்கே எண்ணெய் எடுக்கும் ஊர். அங்கே மூச்சு விட்டால் மீசையில் ஐஸ் கட்டும். பிறகு கிழக்கே, டொரான்டோ பக்கம். அதற்குள் மனைவி அமுதாவும் மகன் கார்த்தியும் வந்து சேர்ந்திருந்தார்கள். அமுதா பக்கத்து ஐயம்பேட்டைக்காரி. ஒரே முகவரியில் நான் நீண்ட நாள் இருந்தது இங்கேதான். அதற்கும் காரணம் வீட்டுக் கடன்.

2

இங்கே மின்வேலை செய்ய உரிமம் வேண்டும், உரிமத்துக்குத் தேர்வு எழுத வேண்டும். தேர்வு அறைக்குள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். ஊரில் அதற்குப் பெயர் காப்பி அடிப்பது. சந்தோஷமாகப் போய் உட்கார்ந்து தோற்றேன். விளக்கங்கள் பகுதியை நான் புரட்டியே பார்க்கவில்லை. பாதி வயசு ஒயர் இழுத்தவனுக்கு ஒயர் என்றால் என்ன என்று ஒருவன் சொல்ல வேண்டுமா என்ற நினைப்பு. கேள்வியெல்லாம் அங்கிருந்துதான் வந்தது.

கார்த்தி அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். அவன்தான் எனக்கு வாசித்துச் சொன்னான்.

"அப்பா, எளிதில் எட்டக்கூடியதுன்னா இன்னா?"

"கைக்கு எட்றது."

"இல்லப்பா. ஏணி போடக்கூடாது. எதையும் நவுத்தக்கூடாது. ஏறித் தாண்டக்கூடாது. அப்பதான் எளிது."

ஊரில் எங்கள் வீட்டில் மீட்டர் பெட்டி தறிக்குப் பின்னால் இருந்தது. ரீடிங் எடுக்க வருபவர் தறியில் நீட்டிக் கட்டிய பாவு நூலுக்கு அடியில் குனிந்து, தவழ்ந்து, எழுந்து, எண்ணைப் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்புவார். பாவு அறுந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். யாரும் அதைச் சிரமம் என்று சொன்னதில்லை.

அடுத்தது உலர்ந்த இடம், ஈரப்பதமான இடம், நனைந்த இடம் என்று மூன்று. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பெட்டி, வேறு வேறு ஒயர். எங்கள் தெருவில் சாயப் பட்டறை வைத்திருந்தவர் நனைந்த பட்டு நூலைச் சுவிட்சுப் பலகைக்கு மேலே கழியில் காயப்போடுவார். நூல் சொட்டும்போது அது நனைந்த இடம், சொட்டு நின்றால் ஈரப்பதம், மறுநாள் உலர்ந்த இடம். இதைக் கார்த்தியிடம் சொன்னேன். "எப்பவாவது நனையும்னா நனைஞ்ச இடம்தான்பா" என்றான். சாயப் பட்டறைக்காரருக்கு ஷாக் அடிக்காத வாரம் இல்லை. அவர் அதை வாத நோய்க்கு நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் தடவை தேறினேன். அதன் பிறகு கார்த்தி எனக்கு வாசித்துக் காட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. கொஞ்ச நாளில் அவன் பேச்சு தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிந்தது. பிறகு ஆங்கிலத்திலேயே தொடங்கியது. நான் தமிழில் பதில் சொல்வேன், அவன் தலையாட்டுவான். வீடு அமைதியாகத்தான் இருந்தது.

3

ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன் என்று கார்த்தி சொன்னபோது, எந்தத் தேசத்துப் பெண்ணாக இருந்தாலும் சரி என்று அமுதா மனதைத் தயார் செய்துவைத்திருந்தாள். வந்தவள் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம். படிக்க வந்தவள், ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பெயர் விமலா. அவள் அப்பா அங்கே இன்னும் நெல் பயிர் வைக்கிறார். இத்தனை கடல் தாண்டி வந்து, ஷேர் ஆட்டோ போகும் தூரத்தில் சம்பந்தம் செய்தோம்.

விமலா சமணக் குடும்பத்துப் பெண். ஊரில் நயினார் வீடு என்போமே, அது. கறி மீன் கிடையாது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, மண்ணுக்குள் விளையும் கிழங்கு எதுவும் கிடையாது. சூரியன் இறங்கிவிட்டால் சாப்பாடு கிடையாது. இதையெல்லாம் அவள் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. நாங்கள் பக்கத்தில் மீன் சாப்பிட்டால் எழுந்து போகவும் மாட்டாள்.

கல்யாணம் கோடையில் நடந்தது. இங்கே கோடையில் இரவு ஒன்பது மணிக்கும் வெயில் இருக்கும். அவள் விரதம் எங்கள் கண்ணில் படவே இல்லை. டிசம்பர் வந்ததும் சூரியன் ஐந்து மணிக்கு முன்பே இறங்கிவிடும். அவள் அப்போது வேலையிலிருந்து திரும்பும் பேருந்தில் இருப்பாள். காலையில் சீக்கிரம் சமைத்து டப்பாவில் எடுத்துப் போகலாம் என்றால், இருப்பது ஒரு அடுப்பு. அதில் அமுதா நின்றுகொண்டிருப்பாள்.

அமுதா முயலவில்லை என்று சொல்ல முடியாது. விடுமுறை நாளில் விமலாவுக்கென்று வெங்காயம் இல்லாமல் தனியாகப் பருப்புக் குழம்பு வைப்பாள். வெங்காயம் போடாத குழம்பு வைக்கும்போது அவள் முகம், யாரோ செத்த வீட்டுக்குப் புறப்படுகிற மாதிரி இருக்கும். ஒரு சனிக்கிழமை மதியம் அந்தக் குழம்பில் மீன் குழம்புக் கரண்டியைப் போட்டுவிட்டாள்.

"கழுவித்தானேம்மா போட்டேன்."

"பரவால்ல அத்தை."

"பரவால்லன்னா சாப்புடு."

"தயிர் போதும் அத்தை. வயிறு நெறைஞ்சுட்டுது."

இருவரும் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

மறுநாள் கார்த்தி என்னிடம் வந்தான். முழுவதும் தமிழில் பேசினான். அதிலிருந்தே பெரிய விஷயம் என்று தெரிந்தது.

"அப்பா, கீழ ஒரு அடுப்புக்கு லைன் இழுத்துக் குடுப்பா."

கீழே என்றால் பேஸ்மென்ட். இங்கே வீடுகளுக்குத் தரைக்கடியில் ஒரு தளம் இருக்கும். கார்த்தியும் விமலாவும் அங்கேதான் இருந்தார்கள். படுக்கையறை, குளியலறை, சோபா போட்ட கூடம் எல்லாம் நானே அவர்களுக்காகக் கட்டியது.

"இல்லன்னா?" என்றேன்.

"இல்லன்னா வேற எடம் போவணும்பா. பாத்துக்கினுதான் இருக்கறோம்."

போனில் ஒரு அடுக்குமாடி வீட்டைக் காட்டினான். ஜன்னலுக்குக் கீழே மேகம் இருந்தது. நல்ல வீடுதான். பிரேக்கர்கள் இருக்கும் பேனல் பெட்டி மட்டும் விதிக்கு விரோதமாகத் துணி அலமாரிக்குள் இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

4

அமுதாவிடம் சொன்னேன்.

"தனி அடுப்பா?" என்றாள். "கல்யாணம் ஆயி ஒரு வருசம் ஆவல. அதுக்குள்ள தனி அடுப்பா?"

"அதுக்கு ஒத்துக்காததை ஒரே அடுப்புல எப்படி..."

"இன்னாங்க பேசறீங்க. அடுப்பு தனின்னா எல்லாம் தனி. எங்க ஊர்லயும் அதான், உங்க தெருவுலயும் அதான்."

அவள் சொன்னது சரி. எங்கள் தெருவில் அண்ணன் தம்பி பிரிந்தார்களா என்று தெரிந்துகொள்ள அடுப்பைப் பார்த்தால் போதும். வாசல் ஒன்று, கூடம் ஒன்று, தறி அடுத்தடுத்து இருக்கும். அடுப்பு இரண்டு என்றால் குடும்பம் இரண்டு. ரேஷன் கார்டு தருகிறவர்களுக்கும் அதுதான் கணக்கு. தனி கார்டு கேட்டு எழுதிப்போட்டால் தனிச் சமையல் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வருவார்.

நான் ஒயர்மேனோடு சுற்றத் தொடங்கியிருந்த காலத்தில் ஒருமுறை அப்படி ஒருவர் வந்தார். பிரியாத குடும்பங்களெல்லாம் பிரிந்துவிட்டதாக எழுதிப்போட்டிருந்தன. தெருவில் உபரியாக இருந்தது ஒரே ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. எங்கள் சித்தி வீட்டுடையது. எங்கள் வீட்டுப் பின்கட்டில் அதை வைத்து, தண்ணீர் கொதிக்கவிட்டு, "இதாங்க எங்க தனி சமையல்" என்று சித்தி காட்டினாள். அவர் வாசல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் அடுப்பு பின்சுவர் வழியாக அங்கே போய்விடும். சூட்டுக்குக் கந்தல் துணி சுற்றிக் கைமாற்றினார்கள். அவர் எல்லா வீட்டிலும் அதைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. கடைசி வீட்டில் மட்டும் குனிந்து அடுப்பின் பக்கவாட்டு நசுங்கலைத் தடவிப் பார்த்தார்.

"இந்த அடுப்புக்கு மட்டும் ஒரு கார்டு எழுதிடறேம்மா" என்றார். "தெருவுல அது ஒண்ணுதான் உழைக்குது."

சித்தி கூசவில்லை. "அப்ப அதும் பேர்ல சக்கரையும் சேத்து எழுதுங்க" என்றாள். யாருக்கும் தனி கார்டு வரவில்லை.

இங்கே காரியம் தலைகீழ். பேஸ்மென்டில் படுக்கை, குளியல், கூடம் எல்லாம் இருந்து அடுப்பும் வந்தால், அது புத்தகத்தின் கணக்கில் இரண்டாவது வீடு. இரண்டாவது வீடு என்றால் நகராட்சிக்குத் தனி வாசல் வேண்டும், மேல்தளத்துக்கும் கீழ்தளத்துக்கும் நடுவே தீ தாங்கும் பலகை வேண்டும், நடுக்கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். அதாவது, மகன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக அடுப்பு வைத்தால், அவனைச் சட்டப்படி பக்கத்து வீட்டுக்காரனாக்க வேண்டும்.

என்னோடு வேலை செய்யும் குர்தீப் இதைக் கேட்டுச் சிரித்தான். "எல்லாரும் என்ன செய்கிறார்கள்? இன்ஸ்பெக்டர் வரும்போது அடுப்பைக் கார் நிறுத்தும் கராஜில் வைத்துப் போர்வை போட்டு மூடு. போனபின் கொண்டுவா" என்றான். ஊரில் காட்டுவதற்காக அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இங்கே மறைப்பதற்காகத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நான் மறுத்துவிட்டேன். நேர்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். மாட்டினால் உரிமம் போய்விடும், அந்தத் தேர்வை இன்னொரு தடவை எழுத எனக்குத் தெம்பில்லை.

5

நான் வேறு மாதிரி அர்த்தம் செய்து பார்த்தேன். வசதி என்றால் நிலையாக இருப்பது. செருகிப் பிடுங்கி அலமாரியில் வைக்கிற இண்டக்‌ஷன் அடுப்பு வசதியில் சேராது. அது ஒரு பாத்திரம் மாதிரி. ஒன்று வாங்கி விமலாவிடம் கொடுத்தேன்.

"இது அடுப்பு இல்லியா?" என்று கேட்டாள் அமுதா.

"புஸ்தகப்படி இல்ல."

"அப்ப அதுல வேவறது சோறு இல்லியா?"

அடுத்த சனிக்கிழமை விமலா அதில் சாதம் வைத்தாள். வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பேஸ்மென்டில் குளிருக்குச் சின்ன ஹீட்டர் ஓடியது. இரண்டும் ஒரே லைன். பாரம் தாங்காமல் பிரேக்கர் விழுந்தது. நான் வேலையில் இருந்தேன். கார்த்தி கடைக்குப் போயிருந்தான். இருட்டில் விமலா பேனல் பெட்டியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் சாதம் பாதி வெந்த நிலையில் நின்றுபோயிற்று, சூரியனும் போயிற்று. அமுதா பாதிப்படி இறங்கி நின்று கேட்டிருக்கிறாள்.

"இன்னாம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல அத்தை. கரண்டு போச்சு."

"கனடாவுலயா?"

விமலா அன்று சாப்பிடவில்லை. இரவு முழுவதும் கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. ஆங்கிலத்தில் பேசினார்கள். எங்களை விலக்கிப் பேச வேண்டும் என்றால் அவர்கள் மொழி அது.

செருகுகிற அடுப்புக்கும் தனி லைன் வேண்டும், லைனுக்குப் பெர்மிட் வேண்டும், பெர்மிட்டுக்கு இன்ஸ்பெக்டர் வருவார். சுற்றி அங்கேயே வந்து நின்றது. எங்கள் வட்டாரத்து இன்ஸ்பெக்டர் ஜமைக்காவிலிருந்து வந்தவர். வேலையிடங்களில் பார்த்த பழக்கம் உண்டு. மறைக்காமல் கேட்டேன். பக்கத்துத் தெருவில் ஒரு வேலையைப் பார்க்க வந்த நாளில் எங்கள் வீட்டுக்கும் வந்தார். அன்று விமலாவுக்கு விடுமுறை.

கீழே இறங்கி எல்லாவற்றையும் பார்த்தார். படுக்கையை, குளியலறையை, சோபாவை.

"ஒன்றுதான் பாக்கி" என்றார். "நீ அடுப்பு வைத்தால் நான் இதை வீடு என்று எழுத வேண்டும். செருகுகிறதா, நிலையானதா என்று என்னோடு வாதாடலாம். அதற்கென்று லைன் இழுத்துவிட்டால் நிலையானதுதான்."

"ஒரே குடித்தனம் என்றும் அதே விளக்கத்தில் இருக்கிறதே" என்றேன். "நாங்கள் ஒரே குடித்தனம்."

அவர் யோசித்தார். "அதை ஒயரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. வீட்டுக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்" என்று சொல்லி, படியில் நின்ற அமுதாவைப் பார்த்தார். விமலா மொழிபெயர்த்தாள்.

"அத்தை, நாமெல்லாம் ஒரே குடித்தனமான்னு கேக்கறாரு."

"அது இன்னாத்துக்கு இவருக்கு?"

"அடுப்புக்கு அத்தை."

அமுதாவுக்கு அவ்வளவு நாள் அடங்கியிருந்தது அப்போது வந்தது. "சொல்லு. வந்ததுலேர்ந்து நான் வெச்ச கொழம்ப ஒரு நாளு வாயில வெச்சதில்லன்னு சொல்லு. நான் தொட்ட கரண்டிய நீ மறுபடியும் கழுவறேன்னு சொல்லு. புருசனக் கூட்டிக்கினு போவ வீடு பாத்துக்கினு இருக்கறேன்னும் சொல்லு. நான் இன்னா கொறை வெச்சேன்னு அவரையே கேளு."

விமலா தரையைப் பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: "ஆமாம் என்கிறார். ஒரே குடித்தனம். சமையலில் மட்டும் கொஞ்சம் சிரமம்."

அமுதாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும்.

"அவ்ளோ பேசினேன். இவ்ளோண்டுதான் சொல்ற?"

"மீதி நமக்குள்ள அத்தை" என்றாள் விமலா.

இன்ஸ்பெக்டர் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவர் வீட்டிலும் ஒரு மருமகள் இருந்திருப்பாள் போலிருக்கிறது.

"நீங்கள் சொல்வதை நம்புகிறேன்" என்றார். "ஆனால் நாளைக்கு இந்த வீட்டை வேறு யாராவது வாங்குவார்கள். அவர்களுக்கு இது இரண்டு வீடாகத்தான் தெரியும். கீழே என்னால் விட முடியாது. மேலே வேண்டுமானால் எத்தனை அடுப்பும் வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி லைன் இருந்தால் போதும். ஒரு வீட்டுக்குள் அடுப்பை எண்ணுவது என் வேலையில்லை."

விமலா அதை அப்படியே சொன்னாள். மேலே சமையலறையில் இடமில்லை என்று நான் சொன்னேன். சமையலறையை ஒட்டிச் சாப்பாட்டு மேசை கிடந்தது. அது அமுதாவின் மேசை. கனடா வந்து அவள் முதன்முதலில் வாங்கச் சொன்ன பொருள். யாரோ காலிசெய்த வீட்டிலிருந்து வாங்கியது. ஓக் மரம், ஆறு நாற்காலி. சூடான பாத்திரத்தை அதன்மேல் நேராக வைத்தால் எங்களுக்குச் சாப்பாடு கிடையாது. அதைத் துடைத்துவிட்டுத்தான் படுக்கப் போவாள்.

அமுதா படியேறிப் போய் அதன் பக்கத்தில் நின்றாள். நாங்களும் பின்னால் போனோம்.

"இத எடுத்துட்டா இங்க ஒரு அடுப்பு நிக்குமா?" என்று என்னைக் கேட்டாள்.

"நிக்கும்."

"அப்ப எடுங்க. ஜன்னலும் இருக்குது. சூரியன் எங்க இருக்குதுன்னு அவளே பாத்துக்குவா."

"அத்தை, உங்க டேபிளு..." என்றாள் விமலா.

"டேபிளு எங்கியும் போவாது. நீ போறதுக்கு வீடு பாக்கறத நிறுத்து."

அதை விமலா இன்ஸ்பெக்டருக்கு மொழிபெயர்க்கவில்லை.

6

லைன் இழுக்கும்போது கார்த்தி ஒரு முனையைப் பிடித்தான். பேனல் பெட்டியிலிருந்து உத்தரங்களுக்கு நடுவே துளையிட்டு மேலே கொண்டுபோக வேண்டும். தடித்த கேபிள், குளிரில் விறைத்துக்கொள்ளும். "விடு", "இழு", "இரு" என்ற மூன்று சொல்லில் ஒரு பகல் ஓடிற்று. அவன் என்னோடு தமிழில் ஒரு பகல் முழுவதும் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. அடுக்குமாடி வீட்டைப் பற்றி அவன் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மேசையை வைக்க மேலே வேறு இடமில்லை. கராஜில் போட்டால் மரம் வெடிக்கும் என்று அமுதா சொன்னாள். நானும் கார்த்தியும் கால்களைக் கழற்றிப் பேஸ்மென்டுக்கு இறக்கினோம். சோபாவை ஓரமாகத் தள்ளி அங்கே போட்டோம். இப்போது மேலே இரண்டு அடுப்பு, இரண்டு வரிசைக் கரண்டி. சாப்பிட இடம் கிடையாது. கீழே சாப்பிடலாம், சமைக்க முடியாது. விடுமுறை நாளில் வெளிச்சம் இருக்கும்போதே எல்லோரும் கீழே போய் உட்காருகிறோம். வேலை நாளில் விமலா வரும்போது இருட்டிவிடும். காலையில் தன் அடுப்பில் சமைத்து எடுத்துப்போனதை வெளிச்சத்திலேயே சாப்பிட்டிருப்பாள், வந்து சும்மா எங்களோடு உட்காருவாள். மேசைமேல் மீன் இருக்கும். அமுதா அதை அவளை விட்டுத் தள்ளி, என் பக்கமாக வைப்பாள்.

கடைசி ஆய்வுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். புது அடுப்பைப் போட்டுப் பார்த்தார், பிரேக்கரைப் பார்த்தார், என் வேலையில் கேபிளைப் பிடிக்கும் கவ்வி ஒன்று குறைகிறது என்றார். உண்மைதான், அவர் எதிரிலேயே அடித்தேன். பிறகு இடம் வெறுமையாக இருப்பதைக் கவனித்து, எங்கே சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அமுதா கையிலிருந்த கரண்டியால் கீழே காட்டினாள்.

அவர் இறங்கிப் போய் மேசையைப் பார்த்தார். மேலே வந்தார். இரண்டு அடுப்பையும் பார்த்தார். மறுபடியும் படியை எட்டிப் பார்த்தார். எது வீடு என்று மனதுக்குள் கூட்டிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் கூட்டிப் பார்த்திருந்தேன். மேலே தனியாக எடுத்தால் வீடு இல்லை. கீழே தனியாக எடுத்தாலும் இல்லை. இரண்டையும் சேர்த்தால்தான் வருகிறது.

கையெழுத்துப் போட்டுவிட்டு, "தினமும் குழம்புச் சட்டியோடு இந்தப் படி இறங்க வேண்டுமே, யாருக்கும் முழங்கால் வலி இல்லையே?" என்றார். விமலா அதைத் தமிழில் சொன்னாள்.

"இருக்குதுன்னு சொல்லு" என்றாள் அமுதா. "ஆனா எறங்குவேன்னு சொல்லு."